ராஜம்மாவுக்கு என்ன ஆச்சு? – அடூரின் 'எலிப்பத்தாயம்'

எங்கள் பக்கம் பத்தாயம் என்றால் நெல் கொட்டி வைக்கிற மரப்பெட்டி. கூடத்து மூலையில் ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும். பலகைகளை அடுக்கடுக்காகக் கோத்துச் செய்திருப்பார்கள். மேலே திறந்து நெல்லைக் கொட்ட வேண்டும், கீழே சின்ன வாய் ஒன்று இருக்கும், அதன் அடைப்பை எடுத்தால் நெல் சரசரவென்று மரக்காலில் இறங்கும். பாபநாசத்துக்குத் தெற்கே இருக்கும் எங்கள் கிராமத்தில் இன்றைக்கும் நாலைந்து வீட்டில் பத்தாயம் இருக்கிறது, நெல்தான் இல்லை. அறுத்த சூட்டோடு கொள்முதல் நிலையத்துக்குப் போய்விடுகிறது. எங்கள் வீட்டுப் பத்தாயத்தில் இப்போது பழைய போர்வைகளும் அப்பாவின் கணக்கு நோட்டுகளும் கிடக்கின்றன.

அதனால் அடூர் கோபாலகிருஷ்ணனின் படத் தலைப்பை முதலில் தப்பாகத்தான் படித்தேன். எலிப்பத்தாயம்: எலிகள் வந்து தின்னும் நெற்பெட்டி என்று நினைத்துக்கொண்டேன். மலையாளத்திலும் பத்தாயம் நெற்பெட்டிதான். எலி என்று முன்னால் ஒட்டினால் எலிப்பொறி. நெல்லைப் பத்திரமாக வைக்கிற பெட்டிக்கும் எலியை அடைக்கிற பெட்டிக்கும் ஒரே பெயர். படத்தை மூன்று தடவை பார்த்த பிறகு, என் தப்பான வாசிப்பு அவ்வளவு தப்பில்லை என்று தோன்றுகிறது.

1981இல் வந்த படம். அடூருக்கு மூன்றாவது, வண்ணத்தில் எடுத்த முதல் படம். சுயம்வரம் (1972), கொடியேற்றம் இரண்டும் கறுப்பு வெள்ளை. கொல்லத்தில் முந்திரி வியாபாரம் செய்த கே. ரவீந்திரநாதன் நாயர் தயாரித்தார். ஜெனரல் பிக்சர்ஸ் என்ற பெயரில் அரவிந்தனின் படங்களுக்கும் பணம் போட்ட அதே மனிதர். ஒளிப்பதிவு மங்கட ரவிவர்மா. இசை எம்.பி. சீனிவாசன். தமிழில் 'பாதை தெரியுது பார்' (1960) படத்துக்கு இசையமைத்த, சென்னை இளைஞர் இசைக்குழுவைக் கட்டிய எம்.பி.எஸ். அவர்தான். 1982இல் லண்டனில் பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட்டின் சதர்லாண்ட் டிராஃபி கிடைத்தது. இங்கே சிறந்த மலையாளப் படத்துக்கான தேசிய விருதும், ஒலிப்பதிவுக்கான தேசிய விருதும். ஒலிப்பதிவு விருதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அதற்குத் திரும்ப வருவேன்.

கதை ரொம்பச் சின்னது. ஒரு பழைய நாயர் தறவாடு. உண்ணி என்கிற நடுவயது மனிதன் (கரமன ஜனார்த்தனன் நாயர்), அவனோடு கல்யாணமாகாத இரண்டு சகோதரிகள்: ராஜம்மா (சாரதா), சின்னவள் ஸ்ரீதேவி (ஜலஜா). கல்யாணமாகி வேறு ஊரிலிருக்கும் மூத்தவள் ஜானம்மா (ராஜம் கே. நாயர்). உண்ணி எதுவும் செய்வதில்லை. சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருப்பான், பேப்பர் படிப்பான், கண்ணாடி வைத்துக்கொண்டு மீசையில் நரைத்த முடியைத் தேடுவான். முற்றத்தில் மாடு வந்து மேய்ந்தால் எழுந்து விரட்ட மாட்டான், 'ராஜம்மே' என்று குரல் கொடுப்பான். ஒரு கல்யாணத்துக்குக் கிளம்புகிறான், வழியில் தண்ணீர் தேங்கிக் கிடக்கிறது, செருப்பும் வேட்டியும் சேறாகிவிடுமே என்று பார்த்துவிட்டு வீட்டுக்கே திரும்பி வந்துவிடுகிறான். ராத்திரி தோப்பில் யாரோ தேங்காய் பறிக்கிற சத்தம் கேட்கிறது. ராஜம்மா எழுப்புகிறாள். அவன் போர்வையை இழுத்துக்கொள்கிறான்.

ராஜம்மாவுக்கு ஒரு வரன் வருகிறது. நம்ம குடும்பத்துக்குச் சரிவராது என்று அதைக் கழித்துவிடுகிறான். ஸ்ரீதேவி ஒருநாள் யாருடனோ போய்விடுகிறாள். ஜானம்மா வந்து பங்கு கேட்கிறாள். ராஜம்மா வலியில் சுருண்டு விழுகிறாள், ஊர்க்காரர்கள் வந்து அவளைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். தனியாக விடப்பட்ட உண்ணி கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே கிடக்கிறான். கடைசியில் ஒரு ராத்திரி சிலர் உள்ளே புகுந்து, அவனைத் துரத்திப் பிடித்து, தூக்கிக்கொண்டு போய்க் குளத்தில் எறிகிறார்கள். நடுங்கிக்கொண்டே எழுந்து வருகிறான். படம் முடிகிறது.

இதற்கு நாற்பது வருஷமாக ஒரே விளக்கம்தான் சொல்லப்படுகிறது. நிலவுடைமைச் சமூகத்தின் சரிவு, உண்ணிதான் எலி, வீடுதான் பொறி. அடூரும் அப்படிப்பட்ட குடும்பப் பின்னணியிலிருந்து வந்தவர்தான். அந்த விளக்கம் தப்பு என்று நான் சொல்லவில்லை. ஆனால் எந்த இரண்டாமாண்டு மாணவரும் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கிவிடக்கூடிய விளக்கம் அது. என் பிரச்சினை வேறு. நிலவுடைமையின் சரிவைப் பார்க்கும்போது எனக்கு ஏன் வயிற்றைப் புரட்டுகிறது? முதல் தடவை மடிக்கணினியில் ராத்திரி தனியாகப் பார்த்தபோது பாதியில் எழுந்து விளக்கைப் போட்டேன். பேய்ப் படத்துக்குத்தான் அப்படிச் செய்வேன்.

இது பேய்ப் படம்தான் என்பது என் கட்சி. பேய் மட்டும் இல்லை.

ஆரம்பத்தைப் பாருங்கள். நடு ராத்திரி. இருட்டில் உண்ணி அலறி எழுகிறான். எலி. சகோதரிகள் ஓடி வருகிறார்கள், விளக்கு, தேடல், பரணிலிருந்து பழைய பொறியை இறக்குகிறார்கள். இருட்டில் ஏதோ இருக்கிறது, வீட்டுப் பெண்கள் விளக்கோடு வருகிறார்கள், ஆம்பளை பயந்து நிற்கிறான். திகில் படங்களின் அடிப்படைச் சட்டகமே இதுதானே. அப்புறம் சத்தங்கள். வசனம் குறைவு. கதவு, தாழ்ப்பாள், பாத்திரம், தண்ணீர், மரத்தில் எலி சுரண்டுவது, எல்லாம் காதுக்குப் பக்கத்தில் கேட்கும். அந்த ஒலிப்பதிவு விருது சும்மா கொடுக்கப்படவில்லை. பழைய வீட்டில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும், ராத்திரி ஒரு மணிக்கு உத்தரம் தானாக முறியும். நிஜமாகவே யாரோ நடக்கிற மாதிரி இருக்கும். அப்பாயி, "மரம் மூச்சு விடுது, படு" என்று சொல்வாள். அது ஆறுதல் சொல்லவா பயமுறுத்தவா என்று இன்றைக்கும் தெரியவில்லை.

தமிழில் உடன்பிறப்பு உளவியல் திகில் என்று தேடினால் கிடைப்பது பெரும்பாலும் இரட்டையர்கள். ஆளவந்தான் (2001), நானே வருவேன் (2022). ஒருத்தன் நல்லவன், இன்னொருத்தனுக்குச் சித்தப்பிரமை, ஒரே நடிகர். வசதியான ஏற்பாடு. கெட்டதை எல்லாம் ஒரு உடம்பில் கொட்டிப் பூட்டிவிடலாம். அண்ணன் தங்கை என்று வந்துவிட்டாலோ நமக்குப் பாசமலர்தான் (1961). அண்ணனும் தங்கையும் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றாகச் செத்துப்போகிற அந்தக் கடைசிக் காட்சியை இசையை நிறுத்திவிட்டு ஒரு தடவை பாருங்கள், உங்களுக்கும் கொஞ்சம் பயம் வரும். தங்கைக்குக் கல்யாணம் ஆன பின்னும் அவள் உயிர் அண்ணனிடம்தான் இருக்கிறது என்பதை மூன்று தலைமுறை கண்ணீர் விட்டுக் கொண்டாடியிருக்கிறோம். எலிப்பத்தாயம் பாசமலருக்குச் சரியாக இருபது வருஷம் கழித்து, மலைக்கு அந்தப் பக்கம் எடுக்கப்பட்ட பதில் மாதிரி இருக்கிறது. இங்கே யாரும் யாரையும் அடிப்பதில்லை, கொல்வதில்லை. ஒருத்தி வெந்நீர் வைக்கிறாள். அவ்வளவுதான் வன்முறை.

வெளியே பார்த்தால் இந்த வகைக்கு நல்ல முன்னுதாரணங்கள் உண்டு. ராபர்ட் ஆல்ட்ரிச்சின் 'வாட் எவர் ஹாப்பன்ட் டு பேபி ஜேன்?' (1962) படத்தில் ஒரு சகோதரி இன்னொரு சகோதரியைச் சக்கர நாற்காலியோடு மாடியில் அடைத்து வைத்து, சாப்பாட்டுத் தட்டில் செத்த எலியை மூடிக் கொடுப்பாள். கிம் ஜீ-வூனின் கொரியப் படமான 'எ டேல் ஆஃப் டூ சிஸ்டர்ஸ்' (2003) ஒரு நாட்டுப்புறக் கதையிலிருந்து வந்தது. அதில் ஒரு அலமாரி உண்டு. தங்கை அதற்கடியில் நசுங்கும்போது அக்காள் வீட்டைவிட்டு வெளியே நடந்துகொண்டிருக்கிறாள், திரும்பிப் பார்க்கவில்லை. அந்தத் திரும்பிப் பார்க்காத நிமிஷம்தான் அவளைப் பைத்தியமாக்குகிறது. எலி, பெட்டி, அலமாரி. உடன்பிறந்தவர்களைப் பற்றிய திகில் படங்களுக்கு ஏனோ மூடி போட்ட சாமான் தேவைப்படுகிறது. ஒரே கருப்பையில் கிடந்தவர்கள் என்பதாலோ என்னவோ. (இதை மேலும் நீட்டினால் உளவியல் மாணவர்கள் சண்டைக்கு வருவார்கள், விடுகிறேன்.)

கொரியப் படத்தில் குற்றவுணர்வு பேயாக வருகிறது. எலிப்பத்தாயத்தில் வருவதே இல்லை. அதுதான் பயங்கரம். உண்ணிக்கு ஒரு கணமாவது 'இவளுக்கு நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன்' என்று தோன்றியிருக்குமா என்று கரமன ஜனார்த்தனன் நாயரின் முகத்தில் தேடிக்கொண்டே இருந்தேன். கெட்டவன் முகம் இல்லை அது. பயந்த குழந்தை முகம். மலையாளத்தில் உண்ணி என்றால் குழந்தை, சின்னப் பையன், செல்லப் பெயர். தமிழில் உண்ணி என்றால் மாட்டின் மடியில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கிற பூச்சி. அடூர் நம் அர்த்தத்தை யோசித்துப் பெயர் வைத்திருக்க மாட்டார். ஆனால் டெல்டாக்காரிக்கு இரண்டும் ஒன்றாகத்தான் கேட்கிறது. ஒட்டிக்கொண்டிருக்கும் உண்ணிக்கு மாட்டின் மேல் வெறுப்பு இல்லை. மாடு இல்லாமல் அதற்கு இருக்கத் தெரியாது, அவ்வளவுதான்.

பொறியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஊர் வயலில் எலி பிடிக்க வைப்பது பெட்டி அல்ல, கிட்டி. மூங்கிலை வில் மாதிரி வளைத்துக் கட்டிச் சாயங்காலம் வரப்போரம் வைத்துவிட்டு வருவார்கள். எலி இரையைத் தொட்டால் வில் அடித்துவிடும். விடியற்காலையில் போய் எடுப்பார்கள், எலிக்கு இவ்வளவு என்று கூலி. தஞ்சாவூர் கிட்டி என்றே அதற்குப் பெயர். சம்பா கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் எலி புகுந்தால் ஒரு மா நிலம் ராத்திரியோடு போய்விடும், அதனால் யாருக்கும் இரக்கம் கிடையாது. ஆனால் கிட்டியில் ஒரு நியாயம் உண்டு. டக்கென்று முடிந்துவிடும். மரப்பெட்டிப் பொறி அப்படியில்லை. எலி உள்ளே உயிரோடு இருக்கும். காலைவரை சுற்றும், சுரண்டும். அப்புறம் யாராவது தூக்கிக்கொண்டுபோய்த் தண்ணீரில் அமுக்க வேண்டும். படத்தில் அந்தக் காட்சி திரும்பத் திரும்ப வருகிறது. வீட்டுப் பெண் பொறியைத் தூக்கிக்கொண்டு குளத்துக்கு நடக்கிறாள், படியில் இறங்குகிறாள், அமுக்குகிறாள். எலியைக் கண்டு அலறியது உண்ணி. அதைக் கொல்கிற வேலை பெண்ணுக்கு.

பெட்டிக்குள் உயிரோடு இருப்பது. எனக்கு அந்தப் படிமம் எலியிடமிருந்து வரவில்லை.

அப்போது எனக்கு ஆறு வயது, அண்ணனுக்குப் பத்து. பத்தாயத்தில் அடிநெல் எடுக்க வேண்டுமென்றால் சின்னப் பிள்ளை ஒன்றைத்தான் மேலேயிருந்து உள்ளே இறக்குவார்கள், துடைப்பமும் முறமும் கொடுத்து. இறங்குவது நான். ஒருநாள் வேலை முடிந்து கையைத் தூக்கியபோது அண்ணன் மூடியைப் போட்டுவிட்டான். விளையாட்டுக்குத்தான். எவ்வளவு நேரம் என்று தெரியாது, ஐந்து நிமிஷம்கூட இருக்காது. உமியும் தூசியும் மூக்கில் ஏறி இருமினேன். வெளியே அவன் சிரிக்கிற சத்தம் கேட்டது, அப்புறம் அதுவும் நின்றது. விளையாட அழைத்தார்களென்று போய்விட்டான். மூடியைத் திறந்தது அத்தை. அண்ணனை ஒன்றும் சொல்லவில்லை, என் தலையிலிருந்த தூசியைத் தட்டிவிட்டு, "கத்துனா என்ன பாப்பா? நான் இங்கனதானே இருக்கேன்" என்றாள். அண்ணனுக்கு இது ஞாபகமே இல்லை. கேட்டிருக்கிறேன்.

அத்தையைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் படத்தைப் பற்றி எழுத முடியாது என்று தெரிந்துதான் ஒரு வருஷமாக எழுதாமல் இருந்தேன். அத்தை அப்பாவுக்கு மூத்தவள். கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்பதற்கு வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள்: செவ்வாய் தோஷம், வந்த வரன்கள் சரியில்லை, அவளுக்கே இஷ்டமில்லை. அத்தையிடம் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. காலையில் அப்பாவுக்கு வெந்நீர் வைப்பாள். அப்பா திண்ணையிலிருந்து, "அக்கா" என்பார். ஒரே வார்த்தை. அந்த அக்காவில் காப்பி, துண்டு, மூக்குக் கண்ணாடி, மாட்டை விரட்டு எல்லாம் இருக்கும். எது என்று அத்தைக்குத் தெரியும். சாரதா படத்தில் 'ராஜம்மே' என்ற குரலைக் கேட்டவுடன் எழுந்திருக்கிற விதம் இருக்கிறதே, முழுசாக எழுவதற்கு முன்பே முதுகு வளைந்து வேலைக்குத் தயாராகிவிடும், அதைப் பார்த்தபோதுதான் நான் விளக்கைப் போட்டேன்.

அப்பா கொடுமைக்காரர் இல்லை. அத்தையிடம் குரல் உயர்த்திக்கூட நான் கேட்டதில்லை. அத்தைக்கு உடம்பு சரியில்லாதபோது தஞ்சாவூருக்குக் காரில் கூட்டிப்போய் வந்தார். இதையும் எழுதாவிட்டால் பொய்யாகிவிடும்.

தாத்தா 1993இல் இறந்தார். அடுத்த வருஷம் அத்தை ரிஜிஸ்டர் ஆபீசுக்குப் போய் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டாள். தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, அந்தத் தேதிக்கு முன் கல்யாணமாகாத மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் மகனுக்குச் சமமான பங்கு உண்டு. 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் போட்ட தீர்மானம் சட்டமாக அறுபது வருஷம் ஆனது. நாடு முழுவதற்கும் 2005 வரை ஆனது. கல்யாணமான பெண்கள் விடுபட்டுப்போனார்கள் என்று அந்த 1989 திருத்தத்தைச் சரியாகவே குறை சொல்வார்கள். ஆனால் அத்தை மாதிரி வீட்டோடு இருந்தவர்களுக்கு அது நேராக எழுதப்பட்ட சட்டம். சட்டம் வந்து ஐந்தே வருஷத்தில் அதை அவள் கையாலேயே எழுதித் தள்ளியாயிற்று. "யாருக்குப் போவுது, தம்பிக்குத்தானே" என்றாளாம். அன்றைக்கு அப்பா அவளுக்கு ஒரு பட்டுப்புடவை எடுத்துக்கொடுத்தார். அதைக் கட்டி நான் பார்த்ததில்லை.

கேரளக் கதையில் இது தலைகீழ் என்பதுதான் படத்தின் உள்முடிச்சு, தமிழ்ப் பார்வையாளர்கள் பலர் இதைத் தவறவிடுகிறார்கள். மருமக்கத்தாய முறையில் சொத்து பெண்வழியில் இறங்கும். மூத்த ஆண், காரணவர், நிர்வாகி மட்டும்தான். அவன் பிள்ளைகளுக்கு அங்கே ஒன்றும் கிடையாது, சகோதரிகளின் பிள்ளைகளுக்குத்தான். அந்தக் கூட்டுக்குடும்ப அமைப்பையே கேரளம் 1975ஆம் வருஷச் சட்டத்தால் ஒழித்தது. ஆக, உண்ணி உட்கார்ந்திருக்கும் சாய்வு நாற்காலி பழைய கணக்கின்படி ராஜம்மாவின் வீட்டில் போடப்பட்டது. அவளுக்குக் கல்யாணமானால் பிள்ளை வரும், பிள்ளை வந்தால் கேள்வி வரும். வரனைக் கழிப்பதற்கு உண்ணி குடும்ப கௌரவத்தைக் காரணம் காட்டுகிறான். அவன் பொய் சொல்கிறானா, தானே நம்புகிறானா என்று சொல்ல முடியாது. எங்கள் பக்கத்தில் பெண்ணுக்குச் சொத்தில்லை என்பதால் அவள் வேலைக்காரி ஆனாள். அங்கே பெண்வழியில்தான் சொத்து, அங்கேயும் அவள் வெந்நீர்தான் வைக்கிறாள். இதை யோசிக்கும்போதுதான் சட்டத்தைப் பற்றி எனக்கு இருந்த நம்பிக்கை கொஞ்சம் ஆட்டம் கண்டது.

இனி ஜானம்மா. மூன்று சகோதரிகளுக்கும் அடூர் நிறம் பிரித்துக் கொடுத்திருக்கிறார். ஸ்ரீதேவிக்குச் சிவப்பு, ராஜம்மாவுக்கு நீலம், ஜானம்மாவுக்குப் பச்சை. பச்சை வந்து வீட்டில் உட்கார்ந்துகொண்டு பங்கு பங்கு என்று நச்சரிக்கிறது. கூடவே ஒரு பையன், அவன் நடத்தையும் சரியில்லை. முதல் தடவை பார்க்கும்போது எனக்கு ஜானம்மாவின் மேல் அப்படியொரு எரிச்சல். 'வந்துட்டா பாரு' என்று வாய்விட்டே சொன்னேன். யார் குரல் அது? எங்கள் வீட்டுக் கூடத்தில் நான் சின்ன வயதில் கேட்ட குரல், பங்கு கேட்டு வந்த வேறொரு உறவுக்காரப் பெண்ணைப் பற்றி. ராஜம்மாவுக்காகக் கண்ணீர் விட்டுக்கொண்டிருந்த நான், கேட்கத் தெரிந்த ஒரே பெண்ணை உண்ணியின் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்காத பெண் புனிதவதி, கேட்கிறவள் பேராசைக்காரி. அந்த வலையில் விழுந்தது என் தப்பு மட்டும்தானா, படத்தின் தப்பும் உண்டா? உண்டு என்றுதான் நினைக்கிறேன். ஜானம்மா கேட்பதில் நியாயம் இருக்கிறது என்று படத்துக்குத் தெரியும். ஆனால் அவளுக்கு ஒரு தனிமையான கணம்கூடக் கொடுக்கவில்லை. வீட்டுக்குள் அவள் எப்போதும் சத்தம்தான். உண்ணிக்கு நரைமுடி தேடக்கூட நிதானமான ஷாட் கிடைக்கிறது.

என் பெரிய குறை இன்னொன்று. அதை நானாகக் கண்டுபிடிக்கவில்லை.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது அத்தைக்குப் படத்தைப் போட்டுக்காட்டினேன். அத்தைக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. மலையாளம் தெரியாது, ஆங்கில வரிகளும் படிக்க வராது, நான்தான் நடுநடுவே சொல்லிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் அதுவும் தேவைப்படவில்லை. தண்ணீர் தேங்கின இடத்தில் உண்ணி திரும்பி வரும்போது சிரித்தாள், நிஜமாகவே வயிறு குலுங்க. எனக்கு அதிர்ச்சி. அந்தக் காட்சி சிரிப்புக் காட்சி என்று எனக்குத் தோன்றவே இல்லை. தேங்காய்த் திருட்டுக்கு, "இவன எழுப்பி என்ன ஆவப்போவுது, அவளே ஒரு கொரல் குடுத்திருக்கலாம்" என்றாள். ராஜம்மாவைத் தூக்கிக்கொண்டு போகும்போது கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். அதற்கப்புறம் படம் முழுக்க உண்ணிதான். அவன் கதவைச் சாத்துவது, ஒடுங்குவது, துரத்தப்படுவது, குளம். எழுத்து ஓட ஆரம்பித்ததும் அத்தை என்னைப் பார்த்தாள்.

"அந்தப் பொண்ணுக்கு என்ன ஆச்சு?"

"எந்தப் பொண்ணு அத்தை?"

"தூக்கிட்டுப் போனாங்களே, அது. பொழச்சுதா?"

"தெரியல. படத்துல காட்டல."

"அதெப்படி? இவன் குளத்துலேருந்து ஏறி வர்றதைக் காட்டுறானுவோ. அவ என்ன ஆனான்னு ஒருத்தனும் போயிப் பாக்கலியா?"

நாற்பது வருஷமாக எலி யார், பொறி எது, குளம் எதன் குறியீடு என்று எழுதிக்கொண்டிருக்கிறோம். அத்தை கேட்ட கேள்வியை நான் படித்தவர்கள் யாரும் கேட்டதாக நினைவில்லை. ஒன்று, அடூர் தெரிந்தேதான் அதைச் செய்தார் என்று வாதாடலாம். ராஜம்மா போனபின் கேமரா அவளோடு போகாமல் வீட்டிலேயே நின்றுவிடுவது உண்ணியின் மனநிலைதான். அவனைப் பொறுத்தவரை அவள் வேலை நின்றதுதான் நிகழ்ச்சி, அவள் வலி அல்ல. படம் அவன் தலைக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறது, அதனால்தான் இது உளவியல் திகில். இந்த வாதத்தை நான் முக்கால்வாசி ஒத்துக்கொள்கிறேன். கதவைச் சாத்திக்கொண்டு அவன் ஒடுங்குகிற அந்தக் கடைசிப் பகுதி அந்த வகைத் திகிலில் நான் பார்த்தவற்றிலேயே உச்சம். வெளியே யாரோ தட்டுகிறார்கள், உதவிக்கு வந்தவர்களா, அடிக்க வந்தவர்களா என்று அவனுக்குத் தெரியாது, நமக்கும் தெரியாது.

மிச்சம் கால்வாசி ஒத்துக்கொள்ள முடியவில்லை. குளத்தில் எறியப்பட்ட எலிகள் ஒன்றும் திரும்ப வரவில்லை. உண்ணி வருகிறான். தண்டனை கிடைத்தவனுக்கு ஒரு உயிர்ப்பும் கிடைக்கிறது, அதைச் சிலர் ஞானஸ்நானம் என்றுகூட எழுதியிருக்கிறார்கள். அப்படியானால் எலி அவனில்லை. பொறிக்குள் இருந்து தண்ணீருக்குப் போய்த் திரும்பி வராதது வேறொருத்தி. இவ்வளவு நுணுக்கமாக ஒவ்வொரு தாழ்ப்பாள் சத்தத்தையும் பதிவு செய்த படம் அவளுக்கு ஒரு ஷாட் கடன்பட்டிருக்கிறது. ஆஸ்பத்திரிக் கட்டிலோ சுடுகாட்டுப் புகையோ, ஏதாவது ஒன்று. சாரதா அந்தப் பாத்திரத்துக்குக் கொடுத்திருக்கும் உடம்பைப் பார்த்தவர்கள் இதை அதிகப்படியான கேட்பு என்று சொல்ல மாட்டார்கள்.

தப்பித்தவள் ஸ்ரீதேவி மட்டும்தான். அவள் போவதையும் படம் காட்டுவதில்லை. இருந்தவள், இல்லை. ஆனால் இங்கே எனக்குக் குறை இல்லை. போனவளைத் தேடிக் கேமராவும் போயிருந்தால் அவளைக் காட்டிக்கொடுத்த மாதிரி ஆகியிருக்கும்.

படம் முடிந்த பிறகு அத்தை கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். அப்புறம் நான் கேட்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டேன், 1994இல் கையெழுத்துப் போட்டதைப் பற்றி. "அப்ப தெரியுமா அத்தை, உங்களுக்கும் பங்கு இருந்துச்சுன்னு?"

"தெரியாம என்ன. பத்திரம் எழுதுறவரு படிச்சுக் காட்டுனாருல்ல." கால்மாட்டில் கிடந்த போர்வையை மடித்தாள். "தெரிஞ்சுதான் போட்டேன். போடலைன்னா அப்புறம் எங்கன படுக்குறது?"

அண்ணன் அனுப்பிய பத்திர நகல் என் கைப்பையில் இருந்தது. அப்பா போய் இரண்டு வருஷமாகிறது. நாலரை ஏக்கர், வீடு, கொல்லை. அண்ணன் நல்லவன்தான். சென்னையில் என் கல்லூரிக் கட்டணத்தை இரண்டு வருஷம் கட்டியது அவன்தான், அத்தையை இப்போது பார்த்துக்கொள்வதும் அவன்தான், அண்ணிதான். வாட்ஸப்பில், 'பாப்பா, ஒரு ஃபார்மாலிட்டிக்குத்தான், நீ வரும்போது போட்டுடலாம்' என்று அனுப்பியிருந்தான். பின்னாடி ஒரு சிரிப்புப் பொம்மை. எனக்கு ஜானம்மா ஆகவும் பயமாயிருக்கிறது, ராஜம்மா ஆகவும் பயமாயிருக்கிறது. அந்தப் பொங்கலில் அவன் கேட்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

கிளம்புகிற அன்றைக்குக் காலையில் காரைக்குடியிலிருந்து பழைய மரச்சாமான் வாங்குகிறவர் ஒருவர் வந்திருந்தார். பத்தாயத்தை அளந்து பார்த்தார், பலகையைத் தட்டிப் பார்த்தார், கீழ்ப் பலகையில் எலி ஓட்டை போட்டிருக்கிறது என்று விலையைக் குறைத்தார். அண்ணன் என்னைப் பார்த்து, "என்ன பாப்பா, குடுத்துடலாமா?" என்றான். அத்தையைப் பார்த்துக் கேட்கவில்லை. நான் அத்தையைப் பார்த்தேன். அவள் பத்தாயத்திலிருந்த போர்வைகளை ஏற்கெனவே ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"இப்ப வேண்டாம்ண்ணா" என்றேன். அவர் விலாசம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அத்தை ஒன்றும் சொல்லாமல் போர்வைகளைத் திரும்ப உள்ளே வைக்க ஆரம்பித்தாள்.